எலக்ட்ரிக் சைக்கிள்: வாங்கறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காக லேசாகத் திருத்தப்பட்டது. பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு பெடல் அசிஸ்ட் சைக்கிள் பத்திப் பேசப் போறேன். நீங்க மிதிச்சா மோட்டாரும் கூட சேர்ந்து தள்ளும், நீங்க நிறுத்தினா அதுவும் நின்னுடும். அந்த சைக்கிள்.

இதுல நான் இதுவரைக்கும் ரெண்டு வாங்கியிருக்கேன். முதல்ல வாங்கினதை அஞ்சே மாசத்துல பாதி விலைக்கு வித்துட்டேன். சைக்கிள்ல கோளாறு எதுவும் இல்ல. கோளாறு என் கிட்ட. நான் பார்த்துப் பார்த்து வாங்கினது எல்லாம் தப்பான விஷயங்களை. பேட்டரி எவ்வளவு பெருசு, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், டிஸ்பிளே கலரா இல்லையா, இதெல்லாம் பத்து நாள் உக்காந்து ஒப்பிட்டேன். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதுங்கறதை மட்டும் யோசிக்கல.

அந்த சைக்கிள்ல பேட்டரி ஃபிரேமுக்கு உள்ளேயே இருந்தது. பார்க்க அழகு, வெளியில எதுவும் தெரியாது. ஆனா கழட்ட முடியாது. கீழ பார்க்கிங்ல பிளக் பாயிண்ட் பொதுவானது, அதுல சார்ஜ் போடக்கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. நியாயம்தான், கரண்ட் பில் எல்லாருக்கும் பொது. அப்போ என்ன பண்றது? 23 கிலோ சைக்கிளை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூணு மாடி தூக்கிட்டுப் போனேன். படிக்கட்டு திருப்பத்துல ஹேண்டில்பார் சுவத்துல இடிச்சு, பக்கத்து வீட்டு அத்தை கதவைத் திறந்து, "என்னப்பா, சைக்கிள் உன்னை ஓட்டுதா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன்.

அதனால கடைக்குப் போனதும் முதல்ல செய்ய வேண்டியது, தூக்கிப் பார்க்கறது. ரெண்டாவது, பேட்டரியை சாவி போட்டுக் கழட்டச் சொல்லிப் பார்க்கறது. கழட்டற பேட்டரி ரெண்டு மூணு கிலோதான் இருக்கும், பையில போட்டு மேல எடுத்துட்டுப் போயிடலாம். ஆஃபீஸ்லயும் மேசைக்குக் கீழ வெச்சுக்கலாம். தரைத்தள வீடு, சொந்த பிளக் பாயிண்ட்னா இந்தக் கவலை உங்களுக்கு இல்ல, இந்தப் பகுதியைத் தள்ளி விட்டுடுங்க.

சரி, இப்போ சட்டம். சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா கடையில இதைத்தான் ரொம்பக் குழப்பறாங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல இதுக்குத் தெளிவான வரையறை இருக்கு. மோட்டாரோட பவர் 250 வாட்டுக்குக் கீழ இருக்கணும், மோட்டார் வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருக்கணும். இதுக்குள்ள இருந்தா அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. ஐரோப்பாவிலேயும் இதே 250 வாட், 25 கிலோமீட்டர்தான் எல்லை.

நான் ரெண்டாவது சைக்கிள் வாங்கப் போன ஒரு கடையில, பையன் ரொம்ப ஆசையா சொன்னான், "அண்ணா, செட்டிங்ஸ்ல போய் லாக்கை எடுத்துட்டா 40 போகும்ணா, நான் பண்ணித் தரேன்." பல சைக்கிள்ல அது முடியும்தான். ஆனா அப்படி எடுத்த அந்த நிமிஷத்துல இருந்து நீங்க ஓட்டறது பதிவு பண்ணாத, இன்சூரன்ஸ் இல்லாத ஒரு மோட்டார் வாகனம். ரோட்ல ஒரு பெரியவர் மேல மோதிட்டா அந்த நஷ்ட ஈடு மொத்தமும் உங்க தலையில வந்து நிக்கும். அதோட அந்த பிரேக், அந்த ஃபோர்க், அந்த ரிம் எல்லாம் 25க்குன்னு செஞ்சது. சென்னையில காலையில சராசரி 17, 18தான் போக முடியும், நாற்பதை வெச்சு என்ன பண்ணப் போறோம்னு எனக்கு நிஜமாவே புரியல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சென்சார். இதைப் பத்தி விளம்பரத்துல ஒரு வரிதான் இருக்கும். ஆனா தினமும் ஓட்டும்போது சைக்கிள் எப்படி இருக்குங்கறதை முடிவு பண்றதே இதுதான்.

நீங்க மிதிக்கறீங்கன்னு மோட்டாருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வழி. ஒண்ணு கேடன்ஸ் சென்சார். பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பார்க்கும். பெடல் அச்சுல ஒரு வளையத்துல குட்டிக் குட்டி காந்தம் இருக்கும், பக்கத்துல ஒரு சென்சார். காந்தம் நகர்ந்தா மோட்டார் ஆன். நீங்க மெதுவா மிதிக்கறீங்களா, உயிரைக் கொடுத்து மிதிக்கறீங்களான்னு அதுக்குத் தெரியாது. இன்னொண்ணு டார்க் சென்சார். நீங்க எவ்வளவு அழுத்தறீங்கன்னு அளக்கும். லேசா அழுத்தினா லேசா உதவும், எழுந்து நின்னு அழுத்தினா பலமா உதவும். 1993ல ஜப்பான்ல யமஹா 'பாஸ்'னு ஒரு சைக்கிள் வித்தாங்க. இன்னைக்கு நாம பார்க்கற பெடல் அசிஸ்டுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அதுவே மிதிக்கற அழுத்தத்தை அளந்து உதவற மாதிரிதான் செஞ்சிருந்தாங்க. கேடன்ஸ் சென்சார் அதைவிட விலை கம்மியான வழி, அதான் நம்ம ஊர்ல 50 ஆயிரத்துக்குக் கீழ இருக்கற சைக்கிள்ல பெரும்பாலும் இருக்கு.

வித்தியாசம் எங்க தெரியும்னா, சிக்னல்ல. நான் திருவான்மியூர்ல இருந்து கிண்டிக்குப் போறேன், ஒரு வழி எட்டரை கிலோமீட்டர். ஒரு நாள் அடையாறு சிக்னல்ல ஒரு கால் தரையில, ஒரு கால் பெடல் மேல. பெடலைக் கொஞ்சம் வாகா மேல கொண்டு வரலாம்னு லேசா சுத்தினேன். அவ்வளவுதான், மோட்டார் ஆன் ஆகி சைக்கிள் முன்னாடி பாய்ஞ்சு, எனக்கு முன்னாடி நின்ன ஸ்கூட்டர் பின்னாடி போய் முட்டிச்சு. ஸ்கூட்டர்ல ஒரு அக்கா, பின் சீட்ல யூனிஃபார்ம் போட்ட குழந்தை. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவங்க திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு அடி இடைவெளி விட்டு நிக்கற ஊர் இல்ல இது. அரை அடி பாய்ஞ்சாலே மோதல்தான்.

இதுக்கு ஒரு தடுப்பு இருக்கு. பிரேக் லீவர்லயே ஒரு சுவிட்ச் வெச்சிருப்பாங்க. பிரேக்கை லேசாத் தொட்டாலே மோட்டாருக்குப் போற கரண்ட் நின்னுடும். கேடன்ஸ் சென்சார் சைக்கிள் வாங்கினா இந்த கட்-ஆஃப் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, கேட்டா மட்டும் போதாது, ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால சுத்தி, பிரேக்கைத் தொட்டுப் பாருங்க. என் முதல் சைக்கிள்ல அது இருந்தது. சிக்னல்ல நான்தான் பிரேக் மேல விரல் வைக்காம இருந்தேன். இப்போ நிக்கும்போது எப்பவும் இடது பிரேக்ல ரெண்டு விரல் இருக்கும்.

மோட்டார் எங்க இருக்குங்கறது அடுத்த கேள்வி. பின் சக்கரத்து நடுவுல இருந்தா ஹப் மோட்டார். பெடல் அச்சுகிட்ட இருந்தா மிட் டிரைவ். மிட் டிரைவ்ல மோட்டாரோட பலமும் உங்க செயின், கியர் வழியாப் போகும், அதனால கியரைக் குறைச்சா ஏத்தம் சுலபமா ஏறும். நீங்க குன்னூர்லயோ ஏற்காட்லயோ இருந்தா அதுக்குக் காசு செலவு பண்றதுல அர்த்தம் இருக்கு, நீளமான ஏத்தத்துல ஹப் மோட்டார் சூடாகி திணறும். சென்னைக்கு ஹப் மோட்டாரே போதும். நம்ம ஊர்ல மலைன்னா மேம்பாலம்தான். ஆனா சென்னையில இன்னொரு ஏத்தம் இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது: கடல் காத்து. கோடையில மதியத்துக்கு மேல கிழக்குல இருந்து அடிக்கும். ஆஃபீஸ் முடிச்சு கடற்கரைப் பக்கம் திரும்பறவங்க எல்லாருக்கும் அது எதிர்காத்து. சாதா சைக்கிள்ல வந்த காலத்துல மத்திய கைலாஷ் தாண்டினதும் எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போகும். பெடல் அசிஸ்டோட நிஜமான பலன் எனக்கு அங்கதான் கிடைச்சது. ஆஃபீஸ் போய்ச் சேரும்போது சட்டை நனையறதும் குறைஞ்சிருக்கு. முழுசா இல்ல. மே மாசம் சென்னையில சும்மா நின்னாலே வேர்க்கும்.

அடுத்தது பேட்டரி. விளம்பரத்துல "50 கிலோமீட்டர் வரை"ன்னு போட்டிருப்பாங்க. அந்த "வரை"ங்கற வார்த்தையைத் தனியாப் படிங்க. எடை கம்மியான ஒருத்தர், சமதளத்துல, காத்து இல்லாம, குறைஞ்ச லெவல்ல, நிக்காம ஓட்டினா வர்ற கணக்கு அது. நீங்களே கணக்குப் போடுங்க, சுலபம். பேட்டரி மேல வோல்ட்டும் ஆம்பியர் அவரும் எழுதியிருக்கும், ரெண்டையும் பெருக்குங்க. 36 வோல்ட், 7.5 ஆம்பியர் அவர்னா 270 வாட் அவர். நடுத்தரமான உதவியோட, சிக்னல்ல நின்னு நின்னு போனா ஒரு கிலோமீட்டருக்கு 10 வாட் அவர்னு வெச்சுக்கங்க. அப்போ 27 கிலோமீட்டர். எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் வருது, எதிர்காத்து நாள்ல கொஞ்சம் குறையும்.

எனக்குப் போக வர 17 கிலோமீட்டர், அதாவது 170 வாட் அவர். பேட்டரி வயசாகி 80 சதவீதத்துக்கு இறங்கினாலும் 216 இருக்கும், தாங்கும். இதைக் கணக்குப் போட்டப்புறம்தான் புரிஞ்சது, முதல் தடவை நான் வாங்கின 500 வாட் அவர் பேட்டரி எனக்குத் தேவையே இல்லாத எடைன்னு. அந்தக் காசுல நல்ல பிரேக்கும் டார்க் சென்சாரும் வந்திருக்கும். நம்ம ஆளுங்க எல்லாருமே, நானும்தான், சைக்கிள் வாங்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவை போகப் போற மகாபலிபுரத்துக்காக வாங்கறோம், தினமும் போற கிண்டிக்காக வாங்கறதில்ல.

காசு மிச்சமாகுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நேர்மையா சொல்றேன். முழு சார்ஜுக்கு யூனிட்ல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல ஆகும். யூனிட் பத்து ரூபாய்னு வெச்சாலும் நாலு ரூபாய்க்குள்ள. அதே தூரத்துக்கு என் ஸ்கூட்டர் பெட்ரோல் நாளைக்கு ஒரு 38 ரூபாய். மாசம் 24 நாள்னா 900 ரூபாய் மாதிரி. 40 ஆயிரம் ரூபாய் சைக்கிளோட விலையை இது எடுத்துத் தர நாலு வருஷம் பக்கம் ஆயிடும். லித்தியம் பேட்டரி சுமார் 500 முழு சார்ஜுக்கு அப்புறம் களைச்சுப் போக ஆரம்பிக்கும், என் ஓட்டத்துக்கு அது மூணு வருஷம் மாதிரி வருது. அதனால ஸ்கூட்டரையும் வெச்சுக்கிட்டு இதையும் வாங்கினா பெருசா மிச்சம் எதுவும் கிடையாது. ஸ்கூட்டரை வித்துட்டா, இல்ல ரெண்டாவது ஸ்கூட்டர் வாங்காம இதை வாங்கினா, அப்போ கணக்கு சரியா வரும். மாத்து பேட்டரி என்ன விலை, தனியாக் கிடைக்குமாங்கறதை வாங்கற அன்னைக்கே கேட்டு பில்லுக்குப் பின்னாடி எழுதி வாங்கிடுங்க.

இப்போ சொல்லப் போறதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. போன ஐப்பசியில என் சார்ஜர் செத்துப் போச்சு. எங்க தெருவுல உணவு டெலிவரி பண்ற ஒரு தம்பி எலக்ட்ரிக் சைக்கிள் வெச்சிருக்கான். "அண்ணா, என் சார்ஜரைப் போட்டுக்கங்க, பின் ஒண்ணுதான்"னு கொண்டு வந்து கொடுத்தான். நல்ல மனசு. பின்னும் சரியாப் பொருந்திச்சு. சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி எதுக்கோ சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன், 54.6 வோல்ட்னு போட்டிருந்தது. அவனோடது 48 வோல்ட் பேட்டரி. என்னோடது 36. 36 வோல்ட் பேட்டரி முழுசா நிரம்பினா 42 வோல்ட், அதோட சார்ஜர்லயும் 42தான் போட்டிருக்கும். 42ல நிக்க வேண்டிய பேட்டரிக்குள்ள 54.6 வோல்ட்டைத் தள்ளினா, அதைத் தடுக்க உள்ள இருக்கற ஒரே காவல் பி.எம்.எஸ்ங்கற சின்ன சர்க்யூட் போர்டுதான். அது சரியா இருந்தா தப்பிச்சேன். இல்லன்னா தீ.

அன்னைக்கு நான் இன்னொண்ணையும் கவனிச்சேன். நான் தினமும் சார்ஜ் போட்ட இடம் வாசக்கதவு பக்கத்துல, செருப்பு ஸ்டாண்டு மேல. எங்க வீட்டுக்கு வாசல் அது ஒண்ணுதான். ராத்திரி போட்டுட்டுத் தூங்குவேன். உள்ள அம்மா, அப்பா, தங்கச்சி. ஏதாவது ஆனா எல்லாரும் வெளிய வர வேண்டிய வழியிலேயே அதை வெச்சிருந்திருக்கேன், ஒன்றரை வருஷமா.

இப்போ என்ன பண்றேன்னா, சாயங்காலம் வந்ததும் உடனே சார்ஜ் போட மாட்டேன், வெயில்ல சூடான பேட்டரி அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் ஹால்ல டைல்ஸ் தரையில, திரையோ மெத்தையோ பக்கத்துல இல்லாத இடத்துல, எல்லாரும் முழிச்சிருக்கும்போது போடறேன். 270 வாட் அவர் பேட்டரிக்கு நாலு மணி நேரம் போதும், படுக்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம். கம்பெனி சார்ஜர் மட்டும்தான். கீழ விழுந்து நசுங்கின பேட்டரி, உப்பின பேட்டரி, சார்ஜ்ல வழக்கத்தைவிட சூடாகற பேட்டரி, இதை மூணையும் வீட்டுக்குள்ள வெச்சுக்காதீங்க. ஊருக்குப் போறீங்க, ஒரு மாசம் ஓட்ட மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல விட்டுட்டுப் போங்க.

மழை. ஐபி 54, ஐபி 65, ஐபி 67ன்னு எழுதியிருப்பாங்க. ரெண்டாவது இலக்கம்தான் தண்ணிக்கு. 4னா தெறிக்கற தண்ணி தாங்கும், 5னா பீய்ச்சினாலும் தாங்கும், 7னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். ஆனா இது புது ரப்பர் சீலோட சோதனை. மூணு வருஷம் ஆன சீலுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. மழையில ஓட்டலாம், நான் ஓட்டறேன். தேங்கின தண்ணியில சக்கரத்து நடு அச்சு முழுகற அளவுக்கு, அதாவது ஒரு அடிக்கு மேல இருந்தா இறங்கித் திரும்பிடுவேன். வேளச்சேரிக்காரங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல. வாட்டர் சர்வீஸ் கடையில பைக் கழுவற அந்த பிரஷர் துப்பாக்கியை மட்டும் இது மேல பிடிக்க விடாதீங்க. எங்களை மாதிரி கடற்கரை ஓரம் இருக்கறவங்களுக்கு மழையை விட உப்புக் காத்துதான் எதிரி. செயின்ல வாரம் ஒரு தடவை எண்ணெய், மாசம் ஒரு தடவை கனெக்டரைப் பிரிச்சு ஈரம் இருக்கான்னு பார்க்கறது, அவ்வளவுதான் வேலை.

பஞ்சர் கதை ஒண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். பின் சக்கரம் பஞ்சர் ஆகி தெருமுனை சைக்கிள் கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். கடை அண்ணன் சுத்தி வந்து பார்த்துட்டு, "தம்பி, ஒயரெல்லாம் இருக்கு, நான் கை வைக்க மாட்டேன்"னுட்டார். ஹப் மோட்டார் பின்னாடி இருந்தா அதுக்கு ஒரு ஒயர் போகும், அதுதான் பயம். நான் சொன்னேன், "அண்ணே, சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். சாதா சைக்கிளுக்குப் பண்ற மாதிரியே டயரை ஒரு பக்கம் மட்டும் எடுத்து, ட்யூபை வெளிய இழுத்து ஒட்டுங்க." பத்து நிமிஷத்துல முடிச்சுட்டார். ட்யூப் மாத்தணும்னாதான் சக்கரத்தைக் கழட்டணும். அதுக்கு மோட்டார் ஒயர்ல ஒரு கனெக்டர் இருக்கும், ரெண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், அம்பு அம்பைப் பார்க்கற மாதிரி நேரா இழுக்கணும், திருகக் கூடாது. அச்சு நட்டுக்கு எந்த சைஸ் ஸ்பேனர்னு பார்த்து ஒண்ணு பையில வெச்சுக்கங்க, என்னோடது 18. வாங்கும்போதே உங்க தெருக் கடையில கிடைக்கற டயர் சைஸாப் பார்த்து வாங்கறது புத்திசாலித்தனம். ரொம்ப அகலமான ஃபேட் டயர் பார்க்க கெத்தா இருக்கும், பஞ்சர் ஆன அன்னைக்குத் தெரியும்.

டெஸ்ட் ரைடுக்குப் போனா முதல்ல மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. கடைக்காரர் விசித்திரமாப் பார்ப்பார், பரவாயில்ல. சார்ஜ் தீர்ந்த ராத்திரி நீங்க ஓட்டப் போறது அந்த சைக்கிளைத்தான். அதுவே மிதிக்க முடியாம இருந்தா, மோட்டார் எவ்வளவு நல்லா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.

ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அம்மாவுக்கு 54 வயசு, முட்டி வலி, மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போக வாங்கித் தரலாமான்னு. இதுக்கு நான் மேல சொன்னதுல ஒண்ணைத் தலைகீழா மாத்தணும். டார்க் சென்சார் அழுத்தினாதான் உதவும், முட்டி வலிக்கறவங்களுக்கு அந்த அழுத்தமே கஷ்டம். அவங்களுக்கு கேடன்ஸ் சென்சார்தான் வசதி, பெடல் சும்மா சுத்தினாலே இழுத்துட்டுப் போகும். கூடவே த்ராட்டில் இருக்கறதாப் பாருங்க, நின்ன இடத்துல இருந்து முதல் மிதிக்குத்தான் முட்டியில பாரம் அதிகம், அதை த்ராட்டில் பார்த்துக்கும். உதவி லெவலை ஒண்ணுல வெச்சே பழகச் சொல்லுங்க, சிக்னல்ல பிரேக் மேல விரலை வைக்கச் சொல்லுங்க. நடுக்கம்பி இல்லாத தாழ்வான ஃபிரேம், பின் சக்கரத்துல சேலை மாட்டாத கார்டு, ரெண்டு காலும் தரையில முழுசாப் பதியற அளவுக்கு சீட். அப்புறம் முதல் பத்து நாள் நீங்க கூடவே இன்னொரு சைக்கிள்ல போங்க. எங்க தெருவுல காலையில ஆறு மணிக்கு ரோடு காலியாத்தான் இருக்கு, உங்க தெருவுலயும் இருக்கும்னு நினைக்கறேன். அவங்க ஓட்ட ஆரம்பிச்சதும் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.